குளுக்கோஸ் ஏற்றாத பிள்ளை

ஆபரேஷன் மேசையில் படுத்ததுமே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. போர்வைக்குள் அவர் காலை ஒட்டி இன்னொரு சின்னக் கால் இருந்தது, ஐஸ் மாதிரி. உதறினார். ஒன்றுமில்லை. ஊரையே தூங்க வைத்த மனுஷன், சாதாரணக் குடலிறக்க ஆபரேஷனுக்கு நடுங்கினால் தியேட்டரே சிரிக்காதா?

"என்ன சார், பயமா?" என்றாள் அவரிடம் தொழில் கற்ற ஜூனியர்.

"பசிம்மா. காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போன மாதம் இதே மேசையில் ஒரு சிறுமி அதையேதான் சொன்னாள். உடம்பில் செல்லுக்குச் செல் சக்தி தயாராகாத பிறவி வியாதி அவளுக்கு. பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து. "முதல் கேஸா எடுத்துருங்க டாக்டர், இல்லேன்னா குளுக்கோஸாவது ஏத்துங்க" என்று அவள் அம்மா காலில் விழாத குறை. ஐயா காதில் போட்டுக்கொண்டால்தானே! "டாக்டர் நீங்களா, நானா?" என்று எரிந்து விழுந்தார். தெரிந்தவர்கள் கேஸையெல்லாம் முன்னால் தள்ளி, அவளைக் கடைசியில் வைத்தார். ட்ரிப்பும் போடவில்லை. மயங்கிய பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. பழியை வியாதி மேல் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அந்த அம்மா அழவில்லை. "என் பொண்ணு உங்களைச் சும்மா விடமாட்டா" என்றாள், அவ்வளவுதான்.

வெள்ளை மருந்து கை நரம்பில் எரிந்துகொண்டே ஏறியது. கண் செருகியது. உடம்பு கட்டையாகிவிட்டது, நினைவு மட்டும் போகவில்லை. மானிட்டரின் பீப் சத்தம், கையுறை இழுபடுகிற சத்தம், சர்ஜன் யாரையோ கிண்டலடிப்பது, ஸ்பிரிட் நெடிக்கு அடியில் பட்டினி கிடந்த குழந்தையின் வாய் வாடை, எல்லாம் துல்லியமாக வந்தன. கத்தப் பார்த்தார். நாக்கு அசையவில்லை.

அந்தக் கால் மறுபடி வந்தது. முழங்கால் வரை ஊர்ந்தது. பட்ட இடமெல்லாம் சூடு போனது, பலம் போனது.

"அம்மா, இந்த மாமாகிட்ட நிறைய இருக்கும்மா" என்றது காதுக்குள் ஒரு குரல்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ கண்ணு." கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

இடுப்பு. நெஞ்சு. தொண்டை.

மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரு என்று உள்ளுக்குள் அலறினார்.

"எங்கம்மா கெஞ்சினப்போ நீங்க கேட்டீங்களா மாமா?"

"எல்லாம் நார்மல்" என்றாள் ஜூனியர், மானிட்டரைப் பார்த்து.

தையல் போட்டார்கள். மருந்தை நிறுத்தினார்கள். வார்டில் மனைவி அவர் முகத்துக்கு மேல் குனிந்தாள். "என்னங்க, எல்லாம் முடிஞ்சிருச்சு. கண்ணைத் திறங்க."

திறக்க அவரிடம் துளிப் பலம் இல்லை. எங்கோ அடியில் கிடந்தார். இருட்டு. குளிர்.

அவர் இமைகளை இரண்டு சின்ன விரல்கள் உள்ளேயிருந்து தள்ளித் திறந்தன.

"அப்பாடா, முழிச்சிட்டாரு!" என்று அந்தக் கண்களைப் பார்த்து மனைவி சிரித்தாள்.