பீரோவின் இரண்டாம் தட்டு

"திறக்க மாட்டேன். டிசைன் நோட்டு கெடைக்கிற வரைக்கும் இந்த ரூமை விட்டு யாரும் போவக்கூடாது."

"நானுமா மேடம்? ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்டுங்க."

"கண்டுபிடிச்சிட்டுப் போங்க, சவரிராஜ்."

1979 மார்ச். பகல் 12.40. சவரிராஜ் நிலக்கரிச் சுரங்கத்தில் செக்யூரிட்டி. நெய்வேலியில் வீட்டுச் சாவி தொலைந்தால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கதவைப் பூட்டிவிட்டு நின்றவர் சகாயம்மாள். பதினோரு வருடங்களாகச் சேலை டிசைன் கம்பெனி நடத்துகிறவர். அவர் வரைந்ததைக் குறிஞ்சிப்பாடித் தறிகள் நெய்தன, மதராஸ் கடைகள் வாங்கின. அவர் கை படாமல் அங்கே ஒரு நூலுக்கும் சாயம் ஏறாது.

மூன்று மணிக்கு டிசைன் பார்க்க மதராஸ் கடைக்காரர் வருகிறார். முப்பது புது டிசைன்கள் கொண்ட நோட்டைக் காணோம். பழி, ஏழு வருடமாகக் கட்டத்தாளில் நிறம் நிரப்பும் ஆதிலட்சுமி மேல். நோட்டு கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும்; போலீசும் வரும்.

கரித்தூள் புகாமலிருக்க ஜன்னல்களும் சாத்தியிருந்தன. மின்விசிறி வெந்த காற்றையே திருப்பித் திருப்பித் தள்ளியது.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். ரெண்டாந்தட்டுல நானே வெச்சேன். தெனமும் அங்கதான்."

"சாவி?"

"என் கழுத்துல. இந்த பீரோவைத் தொடைக்கக்கூட யாரையும் விட மாட்டேன்."

சவரிராஜ் வெறும் தட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரலால் கோடு இழுத்தார். விரல் கறுத்தது.

"நீ சொல்லும்மா, ஆதிலட்சுமி."

"சாவி அம்மா கழுத்துல இருக்கச்சொல்ல நான் எப்படிங்க எடுப்பேன்? இடுக்குல பூந்து போவ நான் என்ன பல்லியா?"

"வாயப் பாரு! மணி என்னடி ஆவுது?"

எதிர்ச்சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கடிகாரம் தொங்கியது.

"ஒண்ணு பத்துங்கம்மா."

சவரிராஜ் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

"மேடம், நம்ம ஊர்த் தூசி பூட்டின பீரோவுக்குள்ளயும் போவும். நேத்து வரைக்கும் அங்க நோட்டு இருந்திருந்தா, அது இருந்த எடம் மட்டும் சுத்தமாத் தெரியணும். தட்டு முழுக்க ஒரே கறுப்பு. வாரக்கணக்கா அங்க எதுவுமே இல்ல. நோட்டை எடுத்தது நீங்கதான்."

சகாயம்மாள் கழுத்துச் சாவியை முந்தானைக்குள் தள்ளினார்.

"எதிர்ல இருக்கற கடிகாரத்தை இந்தப் பொண்ணுகிட்ட ஏன் கேட்டீங்க? கண்ணு எப்பலேருந்து சரியில்ல?"

"பொங்கலுக்கு அப்பறம்." குரல் இறங்கிவிட்டது. "ஒரு கோடு ரெண்டாத் தெரியுது. முப்பதுல ஒண்ணுகூட வரையல. வெறும் தாளு. அப்பவே அடுப்புல போட்டுட்டேன். திருடு போச்சுன்னா கடைக்காரர் நம்புவார்னு நெனச்சேன்."

"இவள வரையச் சொல்லியிருக்கலாமே?"

"என் பேர்ல வேற ஒருத்தி கையா?"

சகாயம்மாள் கதவுப் பூட்டில் சாவியை நுழைக்க மூன்று முறை தடவினார். கதவு திறந்தது. சவரிராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

ஆதிலட்சுமியும் போயிருக்கலாம். வாசல் வரை வந்தவள், வெளி வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மேஜையில் புதுத் தாள் ஒன்றை விரித்தாள்.

"இன்னும் ஒன்னரை மணி நேரம் இருக்கும்மா. கொடியும் கரையும் நீங்க சொல்லுங்க, நான் வரையறேன். நாலஞ்சாவது காட்டலாம். அவர் கேட்டா, இது ஆதிலட்சுமி வரைஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா. சொல்லுவீங்களா?"