நேர்ப்பொருள்

பேராசிரியர் மார்லேன் திரையில் ஓடிய கணினி மாதிரியைக் கடைசிவரை பார்த்தார். பிறகு டச்சு மொழியில் நாலைந்து வாக்கியங்கள் பேசினார். பொன்னரசியின் வலது காதில் மொச்சைக்கொட்டை அளவில் உட்கார்ந்திருந்த செவியான் அதைத் தமிழில் சொன்னது.

“நிறைய உழைத்திருக்கிறீர்கள். கரையின் அடித்தளத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்தால் இன்னும் சிறப்பாக வரும்.”

“பார்க்கிறேன் மேடம்” என்றாள் பொன்னரசி. மார்லேனின் காதில் இருந்த செவியான் அதை டச்சில் சொன்னது. அவர் புருவத்தை உயர்த்திவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.

கோவில்பட்டியிலிருந்து அவள் நெதர்லாந்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அந்த ஊரில், கடலைத் தடுக்கும் கரைக்கு அடியில் தண்ணீர் எப்படிக் கசிகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. டச்சு அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆங்கிலமும் அரைகுறைதான், செவியான் வந்த பிறகு பள்ளிகளில் அது விருப்பப் பாடமாகிவிட்டது. காலையில் மழையில் சைக்கிள் மிதித்து வகுப்புக்குப் போவாள், மதியம் ஆய்வகம், மாலையில் வீடு திரும்பிச் சமையல். பாராட்டு கிடைத்த நாட்களில் கொஞ்சம் கூடுதலாகச் சமைப்பாள்.

அன்றும் அப்படித்தான். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அதே வீட்டில் தங்கியிருந்த லோட்டே கதவருகே வந்து நின்றாள். பெருங்காய வாசனை தன் அறைவரைக்கும் வருவதாகச் சொன்னாள். பொன்னரசி மகிழ்ந்துபோய் ஒரு கிண்ணம் ரசத்தை அவள் கையில் கொடுத்து, ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். லோட்டே கிண்ணத்தையும் இவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நின்றபடியே குடித்து முடித்தாள்.

துறையிலிருந்து கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேச்சை எப்படி வேண்டுமானாலும் மாற்றித் தரலாம், ஆனால் அலுவலகக் கடிதத்தைச் சொல்லுக்குச் சொல்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கடிதம் நேரடியாக இருந்தது. ஆய்வின் அடிப்படையே பிழை என்று ஐந்து முறை சொல்லப்பட்டது. ஐந்து முறையும் திருத்த முடியாது என்று மாணவி மறுத்துவிட்டார். ஆகவே அவரைப் படிப்பிலிருந்து நீக்கத் துறை பரிந்துரைக்கிறது. பத்து நாளுக்குள் பதில் தரவேண்டும்.

வேறு யாருக்கோ வரவேண்டியது தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மேலே தன் பெயர் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் லோட்டேயின் கதவைத் தட்டினாள். தான் ஒருமுறைகூட மறுத்ததில்லை, யாரும் பிழை என்று சொன்னதும் இல்லை என்றாள்.

லோட்டே கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, செவியானில் மூலப் பதிவு இருக்கும், அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். செவியானுக்கு இரண்டு நிலைகள் உண்டு. வாங்கும்போதே அமைந்திருப்பது இணக்க நிலை. கருவி புதிதாக வந்த காலத்தில், ஒரு நாட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னது இன்னொரு நாட்டுக்காரருக்கு அவமானமாகக் கேட்டு வேலையிடங்களில் பெரிய சண்டைகள் நடந்தன. அதனால், கேட்பவருடைய ஊரில் அதை எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லும்படி மாற்றினார்கள். இன்னொன்று நேர்ப்பொருள் நிலை. பேச்சு எந்த மொழியில் இருந்தாலும், சொல்லையும் குரலையும் சேர்த்து எடைபோட்டு, சொல்லவந்ததை மட்டும் சொல்லும். அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

பொன்னரசி நேர்ப்பொருளுக்கு மாற்றிவிட்டு, மார்லேனுடன் பேசியவற்றை வரிசையாகக் கேட்டாள்.

“இது தவறு. அடித்தளத்திலிருந்து மறுபடி செய்.”

“மூன்றாவது தடவை சொல்கிறேன். இந்தக் கரை நிற்காது.”

“நான் சொல்வது உனக்குப் புரிகிறதா?”

ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் பதில் இருந்தது. “பார்க்கிறேன்” என்று அவள் சொன்னதெல்லாம் “முடியாது” என்று டச்சில் போயிருந்தது. அவளுடைய ஊரில் பார்க்கிறேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை என்று கருவி கற்றுவைத்திருந்தது. அதைத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை. லோட்டே சைக்கிள் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் போக விருப்பமில்லாமல்தான் அவளும் பார்க்கிறேன் என்றிருந்தாள்.

“நான் உன்னிடம் சொன்னதையும் கேட்பாயா?” என்றாள் லோட்டே. அவள் முகம் சிவந்திருந்தது.

கேட்டாள். தாளிக்கும்போது சன்னலைத் திறந்துவை, என் துணியெல்லாம் நாறுகிறது என்று லோட்டே பதினொரு தடவை சொல்லியிருந்தாள். பொன்னரசி சொன்னது லோட்டேயின் காதில், “இதைச் சாப்பிடு” என்று உத்தரவாக விழுந்திருந்தது. சண்டை வேண்டாமென்று அவளும் சாப்பிட்டிருக்கிறாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பொன்னரசிக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை மார்லேனின் அறைக்குப் போனாள். செவியானை நேர்ப்பொருளில் வைத்திருப்பதாகவும், அவரும் அப்படி வைக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“ஓராண்டு வீணாகிவிட்டது” என்றார் மார்லேன். “உன்னுடையதும் என்னுடையதும். ஆறு மாதம் வாங்கித் தருகிறேன். அதற்குள் நிற்கிற கரையாகக் கொண்டுவா. முடியாதென்றால் இப்போதே சொல்.”

“செய்கிறேன்” என்றாள். அந்த ஊரில் அவள் கேட்ட மிகக் கடுமையான பேச்சு அது. ஆனாலும் படியிறங்கும்போது கால் தரையில் ஊன்றியது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல வீட்டுக்குக் கூப்பிட்டாள். இப்போது ஊரிலும் தொலைபேசி என்றால் செவியான்தான். நிலையை மாற்ற அவளுக்கு நினைவில்லை. கூப்பிடுகிறவர் எந்த நிலையில் இருக்கிறாரோ, இணைப்பு முழுவதும் அந்த நிலையில்தான் இருக்கும் என்பதும் தெரியாது.

“நல்லாத்தான் இருக்கோம் தாயி. அப்பா கடைக்குப் போயிருக்காக” என்றாள் அம்மா. அம்மாவின் குரல் ஓய்ந்ததும் செவியான் தன் தட்டையான குரலில் சொன்னது: “அப்பாவைப் பற்றிக் கேட்காதே.”

பொன்னரசி செவியானைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கு என்னம்மா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, நீ படிப்பைப் பார் என்று அம்மா சொல்ல, “பயமாக இருக்கிறது, தனியாகச் சமாளிக்கிறேன்” என்றது செவியான். தனியாகவா சமாளிக்கிறாய் என்று பொன்னரசி கேட்டதும் அந்தப் பக்கம் அம்மா திடுக்கிட்டது கேட்டது. அம்மாவின் காதிலும் அதே தட்டையான குரல், மகள் கேட்டதன் உட்பொருளைச் சொல்லியிருந்தது.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. உயிருக்குப் பயமில்லை; வலது கை மட்டும் விழுந்துவிட்டது. மகள் படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள் என்று அப்பாதான் சொல்லவேண்டாம் என்றாராம். சொல்லிவிட்டு அம்மா மூக்கைச் சிந்தினாள்.

“ஒனக்குப் படிப்பெல்லாம் எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுதும்மா.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோவில்பட்டியில் அம்மாவின் காதுக்கு அது என்னவாகப் போயிற்று என்பதை அவளால் கேட்க முடியவில்லை.

“என்ன தாயி ஆச்சு?” என்றாள் அம்மா, மெதுவாக.

பொன்னரசி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவும் மீதியைச் சொன்னாள். பதினான்கு மாதத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை. வைக்கும்போது இருவருக்கும் ஏதோ ஒரு வெட்கம் இருந்தது.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டதும் அம்மா முதலில் விசாரித்தது, காதில் இருக்கிற அந்தச் சனியனை மாற்றிவிட்டாயா என்பதைத்தான்.

“மாத்திட்டேன்மா.”

அம்மா பெருமூச்சு விட்டாள். “நாங்க நல்லாத்தான் இருக்கோம். அப்பாவும் நல்லா இருக்காக” என்றாள்.

செவியான் ஒன்றும் சொல்லவில்லை. தான் அதற்காகக் காத்திருந்ததைப் பொன்னரசி உணர்ந்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

“நல்லான்னா எப்படிம்மா? கையத் தூக்குறாகளா?”

“விரலு அசையுது” என்றாள் அம்மா. “தூக்க முடியல.”