உள்பக்கத்து ரேகை

ரேகை ஜாடியின் உள்பக்கம் இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வெளிப்பக்கத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தும் போகாதபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. சுழி சுழியாகக் கோடுகளோடு, மிகச் சின்ன விரல் நுனி. ஜாடியின் கழுத்தோ குறுகல். அவளுடைய இரண்டு விரல் நுழைந்தாலே பெரிது. ஐந்து வயது மகள் சிட்டுவின் கைகூட உள்ளே போகாது. கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தாள். போய்விட்டது. அப்பாடா என்று பெயிண்ட் டப்பாக்களைத் திறந்து வைத்தாள்.

பழைய கண்ணாடி என்றால் அவளுக்கு உயிர். தேன் வந்த பாட்டில், மருந்துக் குப்பி, மிட்டாய் ஜாடி எதுவானாலும் பழைய பாட்டில் கடைக்காரர் அவளுக்கென்று எடுத்து வைத்துவிடுவார். "மனுஷன் காலை நீட்டிப் படுக்க இடமில்ல, ஜாடிங்களுக்குத் தனி ரூமா?" என்று கேலி செய்யும் கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். இந்தப் பெரிய ஜாடி மட்டும் சிட்டுவுக்கு. இருட்டென்றால் அலறுகிற பெண். சிவப்புப் பறவைகள் வரைந்து, உள்ளே மெல்லிய விளக்குச் சரத்தை இறக்கிக் கட்டிலருகே வைத்துவிட்டால் பயமில்லாமல் தூங்குவாள்.

கண்ணாடியில் வரைவதற்கு முதலில் கருப்புக் கோடு வேண்டும். கருப்புப் பெயிண்ட் டியூபை மெல்ல அழுத்தி, எங்கும் விட்டுப்போகாமல் கோட்டைச் சேர்த்து முடிக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஊற்றிய நிறம் அதன் வழியே நழுவி வெளியே போய்விடும். ஈரத்தில் தூசி ஒட்டிவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அறை புழுங்கிப்போய், பெயிண்ட் வாடை தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தது. உருண்டு விடாமலிருக்க மடித்த துண்டின்மேல் படுக்க வைத்திருந்த ஜாடி, தூங்கும் கைக்குழந்தை போலக் கிடந்தது.

"ஓய்!" என்று சிட்டு அதன் வாய்க்குள் கத்தினாள். "ஓய்" என்றது ஜாடி.

"காயற வரைக்கும் தொடக் கூடாது. தொட்டா அழிஞ்சிடும்."

"இன்னும் நீ ஒண்ணுமே போடலியேம்மா," என்றாள் சிட்டு. நேற்று உடைந்த கண்ணாடி கிழித்த ஆள்காட்டி விரலில் மஞ்சள் பிளாஸ்திரி. அந்த விரலை ஆட்டி ஆட்டித்தான் இன்று பேச்செல்லாம். "அம்மா, இது ஏன் லேட்டா சொல்லுது?"

"உன் கூடப் பேசிப் பேசி அதுக்கும் வாய் வலிக்குதோ என்னவோ."

சிட்டு மறுபடி கத்தினாள். பதில் வர நேரமானது. அப்புறம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தபோதே, மெதுவாக, "ஓய்."

"இப்ப அதுவே முதல்ல கூப்பிடுது!" என்று சிட்டு கைதட்டிச் சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துடைத்த இடத்தில் ரேகை திரும்ப வந்திருந்தது. ஒன்றல்ல, நான்கு. பக்கத்தில் சின்னதாக மூச்சுப் பட்ட ஆவி, படர்ந்தது, சுருங்கியது, மறுபடி படர்ந்தது. போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அறைக்குள் சிக்னல் கிடைக்காது.

"அந்தப் பெரிய ஜாடி யார் வீட்டுதுங்க?"

"ஏம்மா, விரிசல் ஏதாவது இருக்கா?" என்றார் கடைக்காரர். "வீட்டைக் காலி பண்ணப்ப ஒருத்தர் கொடுத்தாரு. அவங்க அம்மாவும் உங்கள மாதிரியே பெயிண்ட் அடிக்கிறவங்களாம். ஆனா கலரே இல்லம்மா. ஜாடி முழுக்க வலை மாதிரி கருப்புக் கோடு, ஊசி நுழைய இடமில்ல. மண்ணுல புதைச்சிடணும், கோட்ட மட்டும் சுரண்டக் கூடாதுன்னு அந்த அம்மா சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்களாம். நல்ல கண்ணாடி, புதைக்க மனசு வரல. நீங்க சுத்தமாத்தான கேப்பீங்க, அதான் ஊறப்போட்டு சுரண்டிட்டேன்."

அறைக்குள்ளிருந்து சிட்டுவின் குரல் கேட்டது. "ஓய்!"

"ஓய்."

பிறகு எதுவும் கேட்கவில்லை. மழை மட்டும்.

ஓடினாள். கதவைத் தள்ளினாள். சிட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சமர்த்தாக. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இழுத்து அணைத்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. மழைக் குளிராக இருக்கும்.

"நீ வெளிய போடா கண்ணு."

"நான் பாக்கறேம்மா."

தட். ஜாடிக்குள்ளிருந்து. தட் தட். கண்ணாடி முழுக்க ஆவி. ஆவிக்குள் எதுவோ அசைந்தது. தூக்கி எறியலாமா? உடைந்தால் அது வெளியே வந்துவிடும். குழந்தை இங்கே நிற்கிறாள். அந்த அம்மா செய்ததைத்தான் செய்ய வேண்டும். கோடு போட வேண்டும். மூடியைக் கழுத்தில் திருகி, டியூபை எடுத்தாள்.

மூடியின் விளிம்பிலிருந்து தொடங்கினாள். பறவை இல்லை, இலை இல்லை. கட்டங்கள் மட்டும். கை நடுங்கினால் கோடு அறுந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அடிப்பது வேகமானது. கோடு எங்கே போனதோ அங்கேயெல்லாம் துரத்திக்கொண்டு வந்தது. தட் தட் தட். பிறகு ஒரு குரல். மிக மெல்லியது. "ம்மா."

ஏமாற்றுகிறது. சிட்டு மாதிரியே பேசிப் பழகிவிட்டது. கேட்கக் கூடாது.

"ம்மா... ம்மா..."

பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு கட்டம். இன்னொன்று. வியர்வை கண்ணில் இறங்கியது. எல்லாம் முடிந்ததா? முடிந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை.

"அம்மா," என்றாள் பக்கத்தில் நின்ற சிட்டு. "கீழ ஒரு இடம் விட்டுப்போச்சு."

குனிந்து பார்த்தாள். அடிப்பாகத்தில் மயிரிழை இடைவெளி. என் தங்கமே, என்று மனம் குளிர்ந்து போனது. டியூபின் நுனியை வைத்து அழுத்தினாள். கோடு சேர்ந்தது.

குரல் நின்றது.

அவளுக்கு அழுகை வந்தது. பயமெல்லாம் சேர்ந்து அழுகையாக வந்தது. குழந்தை மேசையைச் சுற்றி வந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த, சின்ன விரல்கள். அவற்றைத் தடவிக் கொடுத்தாள். கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடுவிரல்.

திரும்பவும் ஆள்காட்டி விரல்.

வெறும் தோல். பிளாஸ்திரி இல்லை. காயமும் இல்லை.

மற்றொரு கையையும் பிடித்துப் பார்த்தாள். அதிலும் இல்லை.

ஜாடிக்குள் ஆவி மெல்ல விலகியது. கருப்புக் கட்டம் ஒன்றுக்குள், உள்பக்கமாக, கண்ணாடியில் அழுந்தியிருந்தது ஒரு சின்னக் கை. அதன் ஆள்காட்டி விரலில் மஞ்சள் பிளாஸ்திரி.

ஸ்பிரிட் பஞ்சை எடுக்கப் பாய்ந்தாள். கோடு இன்னும் ஈரம்தான். ஒரே இழுப்பில் அழிந்துவிடும். கை நகரவில்லை. பிடித்திருந்த சின்ன விரல்கள் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கின.

"தொடக் கூடாதும்மா," என்றது அது, சிட்டுவின் குரலில், செல்லமாக. "தொட்டா அழிஞ்சிடும். காயட்டும்."

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கோடு ஓரத்திலிருந்து மெல்லக் காயத் தொடங்கியது. கண்ணாடிக்கு உள்ளே, சத்தமே இல்லாமல், மஞ்சள் பிளாஸ்திரி தட்டிக்கொண்டே இருந்தது.