ஏழு கறுப்பு வில்லைகள்

ஒலெகாரியோ நீட்டிய தேநீரை எதெல்வினா தொடவில்லை. "எங்க தாத்தாவோட ஏழு வில்லையும் வால்தேமாரோட பழம்பொருள் கடையில இருக்குய்யா. பாலைவனத்துல தோண்டி எடுத்தேங்கிறான்."

தாரபகா பாலைவனத்து வெடியுப்புச் சுரங்கங்களில் கூலியாகப் பணம் தராமல், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லையைக் கொடுத்து ஆளை உறிஞ்சிய காலம், தாத்தாவின் காலம். வேலைநிறுத்தத்தின்போது அவள் தாத்தா, அந்தக் கடையில் இனி ஒரு பிடி அரிசிகூட வாங்க மாட்டேன் என்று கடைசி வாரக் கூலியான ஏழு வில்லையை அப்படியே முடிந்து வைத்துவிட்டார். அவர் நினைவாக வீட்டில் மிஞ்சியது அந்த முடிச்சு ஒன்றுதான்.

"போன மாசம் வில்லையப் படம் எடுக்கணும்னு வந்தான். நான் மடச்சி, ரொட்டி சுட்டுக் குடுத்தேன். அவன் போனப்புறம் பாத்தா முடிச்சக் காணோம். போலீஸ்ல போய்ச் சொன்னா, 'வில்லையில உங்க பேரா எழுதியிருக்கு'ன்னு கேக்குறாங்க."

"பாக்க எப்படி இருக்கும்?" என்று கேட்டார் ஒலெகாரியோ. ரயில்வேயில் காணாமல் போன சரக்கைத் தேடியே தலை நரைத்தவர்.

"கறுப்பா, பளபளன்னு. சட்டைப் பொத்தான் மாதிரி, கனமே இருக்காது."

அவருடைய மருமகன் ரோக்கே டாக்ஸி சாவியை எடுத்தான். "வாங்க மாமா, ரெண்டு அறை விட்டா கக்கிடுவான்."

"கைய அடக்கிட்டு வண்டிய ஓட்டு."

மூவரும் சந்தைக்குப் போனபோது வால்தேமார் பித்தளை வில்லைகளுக்கு நடுவில் அந்த ஏழையும் பரப்பி வைத்திருந்தான்.

"மண்ணுக்கு மேல கிடந்துச்சா?" என்றார் ஒலெகாரியோ.

"மேல கிடந்தா இத்தனை நாள் விட்டுவைப்பாங்களா? ஏழுக்கும் ஏழு குழி, முழங்கை ஆழம். இந்த மெட்டல் டிடெக்டர் கத்தாம நான் மண்வெட்டியத் தொட்டதே இல்ல. இந்தம்மா கனவு கண்டுட்டு வந்து என் பொழப்பக் கெடுக்குது."

தின்ற ரொட்டி செரிப்பதற்குள் இப்படிப் பேச எப்பேர்ப்பட்ட நாக்கு வேண்டும்.

ஒலெகாரியோ ஒரு பித்தளை வில்லையைத் தரையில் போட்டார். ரோக்கே கருவியை நீட்டினான், அது அலறியது. பிறகு கறுப்பு வில்லையைப் போட்டார். சத்தமே இல்லை. வால்தேமார் கருவியைப் பிடுங்கி அதன் குமிழைத் திருகிப் பார்த்தான். அப்போதும் இல்லை.

"இது கெட்டி ரப்பர்," என்றார் ஒலெகாரியோ. " கனமே இல்லைன்னு அவங்க சொன்னப்பவே நினைச்சேன். உன் மெஷின் நூறு வருஷம் நின்னாலும் இதுக்குக் கத்தாது. பித்தளைக்குச் சொல்ற கதைய இதுக்கும் சொல்லிட்ட."

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வால்தேமார் குரலைத் தாழ்த்தினான். "சரி, பாதி விலைக்குத் தர்றேன்."

எதெல்வினா முன்னால் வந்தாள். "எங்க தாத்தா பட்டினி கிடந்தாரே தவிர, கம்பெனிக்கே ஒரு பிடி அரிசி லாபம் குடுக்கல. உனக்கா குடுப்பேன்?"

ஏழையும் அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "ரோக்கே, வண்டிய போலீஸ் ஸ்டேஷனுக்கு விடு. பேரு எழுதியிருக்கான்னு கேட்டாங்கள்ல? புகார்ல எழுதச் சொல்றேன், இவன் பேர."