ஒரு மெய்யெழுத்து

மேஜையில் மூன்று டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வைத்த கையோடு எடுத்துக்கொள்ளும் மாமியார் இன்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடையைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன், வாசலோரம் கிடந்த மனைவியின் ரப்பர் செருப்பையே பார்த்தபடி சட்டைப் பொத்தானைப் போட்டான். செருப்பில் சேறு இன்னும் காயவில்லை.

"இன்னைக்குமா?" என்றான்.

"ஆமாங்க. இன்னைக்குத்தான் ரொம்ப முக்கியம்."

"யாருக்கு முக்கியம்?"

கொஞ்ச நாளாகவே வீடு இப்படித்தான் இருந்தது. அவள் சமையலறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன போன், திரும்பி வரும்போது கவிழ்ந்து கிடக்கும். ஒருநாள் கொடியிலிருந்து எடுத்த அவளுடைய ஈரத் துணியை மாமியார் முகர்ந்து பார்த்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். பார்க்காதவள்போல உள்ளே போய்விட்டாள். எதைத் தேடுகிறார்கள் என்று மட்டும் அவளுக்குப் புரியவே இல்லை...

கல்யாணமான வருஷம்தான் முதுகலையில் நீரியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்றான் கணவன். அந்த வருஷம் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். அதற்கப்புறம் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மாமியாருக்கு அவரை அந்தக் கோலத்தில் பார்க்கவே மனசு வராது. ஊட்டியது, துடைத்தது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் மருமகள்தான். அவர் போன பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, படிக்கணும் என்று. அந்த நேரத்தில் மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, என்ன வேகத்தில் வருகிறது, இது தெரியாமல் பாலமும் கட்ட முடியாது, வெள்ளம் வருமென்று ஊரை எச்சரிக்கவும் முடியாது என்று அவள் வீட்டில் விளக்கியிருக்கிறாள். தண்ணி மேலேருந்து கீழே போகும், இதுக்கு ஒரு பட்டமா என்று கணவன் கேலி செய்வான். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னான். இப்போதெல்லாம் சிரிக்காமல் சொல்கிறான்.

"நெட்டைன்னு ஒருத்தன் இருக்கானாமே," என்றாள் மாமியார், ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

"கூடப் படிக்கற தம்பி, அத்தை. நல்ல உயரம். ஆழமான இடத்துல அவனைத்தான் நிக்க வைப்போம். அதனால எல்லாரும் அப்படிக் கூப்பிடறோம்."

"தம்பி," என்று கணவன் அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னான்.

மாமியார் இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "துணி காயப்போடும்போது போன்ல அவன்கிட்ட என்ன சொன்ன? நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்."

"என்ன சொன்னேன்?"

"என் வாயால சொல்ல வைக்காத... படுக்கை மாறிடுச்சுன்னு சொன்ன. பழைய படுக்கை இனிமே ஆகாதுன்னு சொன்ன. புதுசுல காலையிலேயே ரெண்டு பேரும் இறங்கிடலாம்னு சொன்ன. என் பையன் இங்க உசுரோட நிக்கறான்டி."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது, வந்திருக்கவே கூடாத சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது.

"சிரிக்கறா பாரும்மா," என்றான் கணவன்.

அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. "படுகை அத்தை... படுக்கை இல்ல. ஆத்துப் படுகை. தண்ணி ஓடற தரை. போன வெள்ளம் மணலை அடிச்சுட்டுப் போனதுல அது மாறிடுச்சு. பழைய படுகையில எடுத்த அளவு இனிமே ஆகாது, புதுசா அளக்கணும். அதைத்தான் சொன்னேன்."

நடுவில் ஒரு 'க்'. அவ்வளவுதான். ஒரு மெய்யெழுத்து அதிகமாகக் காதில் விழுந்ததில் ஒரு பெண்ணின் மானம் இத்தனை நாள் இந்த வீட்டில் அலைக்கழிந்திருக்கிறது. மாமியாரின் முகம் லேசாகத் தடுமாறியது. கணவனின் முகம் மாறவில்லை.

"நல்லாத்தான் சமாளிக்கற. படிச்சவளாச்சே. இன்னையோட நிறுத்திக்க."

வெள்ளம் வடிய ஆரம்பித்திருக்கும் நாள் இது. இந்த மழைக்காலத்தில் இவ்வளவு தண்ணீர் இனி வராது. இன்று அளக்காவிட்டால் ஆய்வு அரைகுறையாக நிற்கும். அடுத்த மழைவரை காத்திருக்கலாம்தான். ஆனால் இன்று நின்றுவிட்டால் அதன்பிறகு இந்த வாசற்படியைத் தாண்ட விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் கணவனைப் பார்க்காமல் மாமியாரிடம் சொன்னாள். "மாமாவை நான் குளிப்பாட்டறப்போ நீங்க கதவைச் சாத்திட்டு வெளியில நிப்பீங்க. அப்ப என்னை நம்புனீங்க அத்தை. நான் போறேன். சந்தேகம் தீரலைன்னா வந்து பாருங்க."

சேற்றுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் மகனிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறாளா, பிடிக்க ஒன்றும் இருக்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டு போகிறாளா... அது அவளுக்கே தெரியவில்லை.

பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் கல்லூரிப் பேராசிரியை, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கயிற்றின் மறுமுனை, மிதவைச் சட்டை போட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மருமகளின் இடுப்பில். அவள் வேகமானி பொருத்திய அளவுகோலைத் தரையில் ஊன்றி ஆழத்தையும் வேகத்தையும் உரக்கச் சொன்னாள். அவளுக்கு அப்பால் நெட்டை, கொக்குபோல நின்று அளவு நாடாவைப் பிடித்திருந்தான்.

"படுகை வழுக்குது, பாத்துக் காலை வைம்மா," என்று கத்தினாள் பேராசிரியை.

வண்டியை விட்டிறங்கிச் சரிவின் விளிம்புக்கு வந்த மாமியார் அப்படியே நின்றாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயிலிருந்து அந்தச் சொல், 'க்' இல்லாமல் வந்தது.

அடுத்த நொடி மருமகளின் கால் நழுவியது. தண்ணீர் கழுத்துவரை ஏறியது. கயிறு இழுத்த வேகத்தில் பேராசிரியை சேற்றில் சறுக்கி மண்டியிட்டாள். மாமியார் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது, கயிறு அவள் இரண்டு கையிலும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நெட்டை எட்டித் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். "அக்கா, மூச்சு விடுங்க," என்றான்.

கரையேறியவளை மாமியார் ஈரத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "உன் துணியை முகர்ந்து பாத்தேன்டி... வெறும் சேத்து வாடைதான் இருந்துச்சு. அப்பவும் நான் நம்பல..."

"தெரியும் அத்தை. பாத்தேன்."

"பாத்துட்டும் ஒரு வார்த்தை கேக்கலியே நீ..."

இரண்டு பேரும் அழுதார்கள். பேராசிரியை முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டபடி வேறு பக்கம் பார்த்தாள்.

கணவன் சரிவின் மேலேயே நின்றிருந்தான். எப்படி இறங்குவதென்று தெரியாதவன்போல. "நடுங்கற. வா, வீட்டுக்குப் போலாம்," என்றான்.

"இன்னும் பாதி ஆறு இருக்குங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமியார் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அவ முடிச்சுட்டுத்தான் வருவா. நிக்கறதுன்னா நில்லு. இல்லைன்னா கடையைப் போய்த் தொற."

பேராசிரியை முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று மருமகள் தலையசைத்தாள். மாமியார் கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

மேலே கணவன் குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.

மருமகள் மறுபடி தண்ணீரில் இறங்கினாள். பாதி தூரம் போனபோது இடுப்பில் கயிற்றின் பிடி கூடியது. இன்னொரு ஜோடிக் கை சேர்ந்திருக்கிறது. யாருடையது என்று தெரிந்தும் அவள் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியது நிறைய இருந்தது. இப்போது அளவுகோலை ஊன்றி, நெட்டைக்குக் கேட்கும்படி ஆழத்தைச் சொன்னாள்.