ஐந்து நாற்பதுக்கு எடுத்த ரத்தம்

உள்ளே வந்த மரக்காணம் டாக்டர் யுவராணி உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த காகிதங்களை மேசையில் போட்டார்.

"ஓடிப்போய் உதவி செஞ்சேன்ல, அதுக்குக் கெடச்ச பரிசு மேடம் இது. மெடிக்கல் கவுன்சிலுக்கு மனு போட்டு, என் டாக்டர் பதிவையே ரத்து பண்ணச் சொல்றாங்க."

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் விஜயலட்சுமி. இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, இப்போது மரக்காணத்தில் உப்பளம் நடத்துபவர். பக்கத்தில் மெடிக்கல் கடை சரவணகுமார். ஊரில் ஒரு வம்பு என்றால் போதும், கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு இந்த அம்மாவோடு கிளம்பிவிடுவார்.

மூன்று வாரத்துக்கு முன், மஸ்கட்டிலிருந்து வந்த விமானத்தில் அரசப்பன் என்ற மரக்காணத்து உப்பளத் தொழிலாளி மயங்கி விழுந்தார். மகனைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிய சர்க்கரை நோயாளி. டாக்டர் யாராவது உண்டா என்று அறிவித்ததும் யுவராணி எழுந்து ஓடினார்.

"மருந்துப் பெட்டிய கேட்டேன். டாக்டர்னு அத்தாட்சி காட்டுங்கன்னாங்க. கார்டு லக்கேஜ்ல போயிடுச்சு. கேப்டன கேட்டுட்டு வர்றோம்னு போனவங்க, இருபது நிமிஷம் கழிச்சுதான் பெட்டிய தந்தாங்க. நினைவில்லாதவர் வாயில சர்க்கரைகூட போட முடியாது. பெட்டி வந்ததும் காது மடல்ல குத்தி ரத்தம் எடுத்தேன். சர்க்கரை எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து, அவருக்கு முப்பத்தொண்ணு! குளுக்கோஸ் ஏத்தினேன். உசுரு தங்கிச்சு, பேச்சு போயிடுச்சு."

விமான நிறுவனத்தின் அறிக்கை வேறு கதை சொன்னது. 5:35க்கு மயக்கம். 5:40க்குப் பெட்டி திறந்து டாக்டரிடம் தரப்பட்டது. அப்போதே பணிப்பெண் பயணியின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார், சர்க்கரை 112, இயல்பான அளவு. டாக்டரோ ஆறு மணி வரை சிகிச்சையைத் தொடங்கவில்லை.

சரவணகுமார் கொதித்தார். "இருபது நிமிஷத்துல நூத்திப்பன்னெண்டு எப்படி மேடம் முப்பத்தொண்ணு ஆவும்? பச்சைப் பொய்!"

"மெஷின் தப்பா காட்டிச்சுன்னு சொல்லிடுவாங்க. வாப்பா, அரசப்பனைப் பாத்துட்டு வரலாம்."

அரசப்பன் வீட்டில் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி சின்னப்பாப்பாவும் உப்பளத்தில் வேலை செய்பவர். டாக்டர் பெயரைக் கேட்டதுமே சீறினார். "அந்தம்மா சும்மா நின்னுச்சாம். கம்பெனிக்காரங்களே வந்து சொன்னாங்க. மனு குடுத்துட்டேன்."

விஜயலட்சுமி அரசப்பனின் வலது கையை எடுத்து, ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்தார். "எத்தினி வருசமா உப்பு வார்றாரு?"

"முப்பத்தெட்டு வருசம்."

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று சரவணகுமாருக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சின்னப்பாப்பாவின் வாக்குமூலம் வாங்க விமான நிறுவன அதிகாரி ஜெயப்பிரகாஷ் வந்தபோது, விஜயலட்சுமியும் சரவணகுமாரும் யுவராணியை அழைத்துக்கொண்டு அங்கே வந்திருந்தார்கள். சர்க்கரை சோதிக்க ரத்தம் எடுக்கும் ஊசி ஒன்றை விஜயலட்சுமி நீட்டினார்.

"உங்க பெட்டில இருக்குறதும் இந்த ஊசிதானே?"

"ஆமாங்க. தோல்ல வச்சு அழுத்தினா போதும். ஒரே அளவுதான் இறங்கும்."

"அப்ப இந்தம்மா விரல் நுனில ஒரு சொட்டு எடுத்துக் காட்டுங்க."

சின்னப்பாப்பா புரியாமல் கையை நீட்டினார். ஜெயப்பிரகாஷ் குத்தினார். ரத்தம் வரவில்லை. புது ஊசி எடுத்து அடுத்த விரலில் குத்தினார். வெள்ளையாய் ஒரு புள்ளி விழுந்ததே தவிர ரத்தம் இல்லை. மூன்றாவது ஊசியும் வீணானது.

"வராது சார்," என்றார் விஜயலட்சுமி. "உப்பு வாருற பலகையப் பிடிச்சுப் பிடிச்சுத் தோல் தடிச்சுக் காய்ச்சுப்போன விரலு. அரசப்பன் விரலு இதைவிட மோசம். இந்த ஊர் டாக்டருங்க உப்பளத்து ஆளுங்களுக்குக் காதுலதான் குத்துவாங்க. யுவராணியும் அவர் விரலைப் பாத்துட்டு அதைத்தான் செஞ்சாங்க. உலகத்துல எல்லாருக்கும் விரல்லதானே எடுப்பாங்கன்னு நெனச்சு எவரோ ஆபீஸ்ல உக்காந்து இதை எழுதியிருக்காரு. அஞ்சு நாப்பதுக்கு யாரும் ரத்தம் எடுக்கல. ஏன்னா, அஞ்சு நாப்பதுக்குப் பெட்டியே வரல."

சரவணகுமார் ஜெயப்பிரகாஷை முறைத்தார். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த ஒரு பெண்ணின் பிழைப்பில், கொஞ்சமும் கூசாமல் இப்படி மண் அள்ளிப் போட்டிருக்கிறார்களே!

"விதிமுறைப்படி அத்தாட்சி பாக்காம பெட்டியக் குடுக்க முடியாதுங்க..." என்று ஜெயப்பிரகாஷ் இழுத்தார்.

சின்னப்பாப்பா குத்துப்பட்ட விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மருந்து அங்கியே இருந்துச்சு. என் வூட்டுக்காரரு இருபது நிமிசம் சும்மா கெடந்தாரு. அதுலதானே பேச்சு போச்சு?"

அவர் சரவணகுமார் பக்கம் திரும்பினார்.

"தம்பி, டாக்டரம்மா மேல குடுத்த மனுவ நான் வாபஸ் வாங்கிக்கிறேன். வேற ஒண்ணு எழுது. யாரு மேல எழுதணும்னு இந்த சாரையே கேட்டு எழுது."