விளக்குக்கு அஞ்சும் மண்

ஹாலே நகரில் தாரகன் வேலைசெய்த ஆய்வுகூடத்துக்குச் சிவசக்தி வந்துசேர்ந்தபோது நல்ல மத்தியானம். நிலவறைப் படிகளில் இறங்க இறங்க, அந்தப் பகலும் அவளைக் கைவிட்டது. ஈரமண்ணும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

தாரகன் அவளுடைய ஒரே தம்பி. அத்திலாந்திக் கடலில் ஓர் எரிமலைத் தீவுக்குப் பூச்சி தேடிப் போனவன்மேல் குகை இடிந்து விழுந்தது. தேடியவர்கள் கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். நாளை ஹம் நகரில், அம்மாவின் வீட்டில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. கரைக்கச் சாம்பல்கூட இல்லை. சாவதற்கு முதல்நாள் அவன் தோண்டி அனுப்பிய மண்ணில் ஒரு பிடியாவது வேண்டும் என்று அம்மா கனகவல்லி ஒற்றைக்காலில் நின்றார். செய்தி வந்ததிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மண்ணைக் கரைத்தால் மனம் ஆறி ஒரு வாய் சோறு உண்பார் என்பதுதான் சிவசக்தியின் நம்பிக்கை. இல்லாவிட்டால் அம்மாவையும் இழக்கவேண்டி வரும்.

தாரகனோடு வேலைசெய்த தமிழ்ப்பெண் டொறத்தி மேசையைக் காட்டினாள். பெரிய புனலில் கறுத்த மண். மேலே சுடும் விளக்கு, கீழே ஸ்பிரிட் போத்தல்.

"இதுக்குள்ள கண்ணில்லாத கூன்வண்டு இருக்கு அக்கா. மண்ணுக்குள்ளயும் குகையிலயும்தான் சீவியம். விளக்குச் சூட்டில மேல்மண் காய, ஈரத்தைத் தேடிக் கீழ கீழ போய்ப் போத்தலுக்குள்ள விழும்."

"கண்ணில்லாட்டி விளக்கு எரியிறது எப்பிடித் தெரியும்?"

"சூடு தெரியுமெல்லே. இந்தமுறை ஏனோ ஒண்டும் விழேல்லை. நில்லுங்கோ, மண் போட ஒரு பை எடுத்துக்கொண்டு வாறன்."

டொறத்தி மேலே போனாள்.

வீட்டிலும் ஒரு விளக்கு எரிகிறது. முப்பத்தோராம் நாள்வரை நூர்ந்து அணையக்கூடாது என்று, தாரகனின் படத்தடியில் அம்மா இரவும் பகலும் எண்ணெய் விட்டுக் காக்கும் விளக்கு. பிள்ளை வழி தெரிந்து வரட்டும் என்று ஏற்றியது.

மண்ணுக்குள் ஏதோ கீறியது.

நகம் கீறும் சத்தம்.

"அக்கா... சுடுது."

அவள் பாய்ந்து விளக்கை நிறுத்தினாள். கும்மிருட்டு. மண் சரசரவென்று மேலே எழும்பியது. நீட்டிய கையில் சின்னச் சின்னக் கால்கள் ஊர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் ஈரமான விரல்கள் வந்து அவள் விரல்களைப் பற்றின.

அவள் கத்தவில்லை. அழுகைதான் வந்தது.

"எங்களுக்குத் தெரியாதடா தம்பி. விளக்கை ஏத்தி நாங்களே உன்னைத் துரத்திப்போட்டம். வீட்டை வா."

விரல்கள் நழுவின.

கைபேசியை எடுத்து ஹம்முக்கு அழைத்தாள்.

"அம்மா, விளக்கை நூருங்கோ!"

"இப்பதான் நூர்த்தனான் பிள்ளை. சுடுதெண்டு அழுதவன்." அம்மா எதையோ மென்றுகொண்டு பேசினார். குரலில் அப்படி ஒரு நிறைவு. "ரெண்டுபேரும் சாப்பிடுறம். அவனுக்கு நான்தான் குழைச்சு வாயில தீத்துறன்."

"நீங்களோ? ஏனம்மா?"

"கண்ணில்லையெல்லே, பாவம்."